நெல்லையில் கட்டும் டோல் காசு நெல்லைச் சாலைக்குத்தான் போகிறதா?

2025 ஜூலையில் தென் மாவட்டங்களில் அரசு பஸ்ஸை நம்பிப் பயணம் செய்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு டோல்கேட்டுகளிலும் ஜூலை 10 முதல் அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. போக்குவரத்துக் கழகங்கள் வைத்திருந்த ரூ.276 கோடி சுங்கக் கட்டண பாக்கிதான் காரணம்.

தமிழக அரசு பேசித் தீர்ப்பதாக உறுதி சொன்னதால், உத்தரவு ஜூலை 31 வரை நிறுத்திவைக்கப்பட்டது. பஸ்கள் வழக்கம்போல ஓடின. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் நின்றது. சாலை போட்டது அரசு. பஸ்ஸும் அரசோடது. அப்புறம் யார், யாருக்கு ரூ.276 கோடி தரணும்?

இதற்கு விடை தெரிந்தால், இன்னொரு பழைய கேள்விக்கும் விடை கிடைக்கும். "இத்தனை வருஷமா டோல் கட்டுறோமே, எங்க ஊர் முக்குல ஒரு சப்வே கட்ட மாட்டேங்குறாங்களே, ஏன்?"

நெல்லையைச் சுற்றி என்ன நிலவரம்?

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போனால் கயத்தாறு பக்கம் சாலைப்புதூர், சாத்தூர் பக்கம் எட்டூர்வட்டம், திருமங்கலம் தாண்டி கப்பலூர் என மூன்று டோல்கேட். தெற்கே நாகர்கோவில் பக்கம் திரும்பினால் நாங்குநேரி. இந்த நான்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கின்றன. கிழக்கே தூத்துக்குடி போனால் தேசிய நெடுஞ்சாலை 138-ல் வாகைக்குளம்.

நாகர்கோவில், கோவில்பட்டி பக்கமிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வருபவர்களும், கல்லூரிக்கும் வேலைக்கும் வருபவர்களும் இந்தச் சாலைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் ஜூலை உத்தரவு அவ்வளவு பதற்றத்தைக் கிளப்பியது.

30 வருஷ வசூல், மொத்தமாகக் கைமாறியது

மதுரை – கன்னியாகுமரி நான்குவழிச் சாலை, வடக்கு–தெற்கு வழித்தடத்தின் ஒரு பகுதியாக தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போட்டது. கட்டி முடித்து, டோல் வசூலும் நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு, 2019-20 காலகட்டத்தில் இதன் வசூல் உரிமை ஏலத்துக்குப் போனது.

‘டோல் – ஆப்பரேட் – டிரான்ஸ்ஃபர்’, சுருக்கமாக டி.ஓ.டி. என்பது இந்த முறையின் பெயர். எளிமையாகச் சொன்னால், தோப்பைக் குத்தகைக்கு விடுவது மாதிரி. தோப்பு உங்களுடையதுதான். ஆனால் இத்தனை வருஷத்துக் காய்ப்புக்கான மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறீர்கள். தண்ணீர் பாய்ச்சுவதும் காய் பறிப்பதும் குத்தகைக்காரர் பாடு.

டி.ஓ.டி. மூன்றாம் தொகுப்பில் உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் 566 கி.மீ. சாலையும் 9 டோல்கேட்டுகளும் இருந்தன. க்யூப் ஹைவேஸ் நிறுவனம் ரூ.5,011 கோடிக்கு ஏலம் எடுத்தது. குத்தகைக் காலம் 30 ஆண்டுகள். மதுரை – கன்னியாகுமரி சாலை இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது.

இப்போது ரூ.276 கோடி கதை புரியும். டோல் நிறுவனங்களைப் பொறுத்தவரை, போட்ட முதலைத் திரும்ப எடுக்க ஒரே வழி அன்றாட வசூல்தான். அரசு பஸ் காசு கட்டாமல் போனால் அது அரசுக்குள்ளேயே நடக்கும் கொடுக்கல் வாங்கல் அல்ல, ஒரு தனியார் நிறுவனத்துக்கு வரவேண்டிய கடன். அதனால்தான் நிறுவனங்கள் நீதிமன்றப் படியேறின.

அப்படியானால் அந்த ரூ.5,011 கோடி எங்கே போனது?

இதுதான் பலருக்கும் தெரியாத இடம். இப்படிக் கிடைக்கும் ஏலத் தொகை மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போய், பட்ஜெட் வழியாக நாடு முழுக்க நடக்கும் நெடுஞ்சாலைப் பணிகளுக்குத் திரும்ப ஒதுக்கப்படுகிறது. அரசுப் பணத்தில் கட்டி, அரசே வசூலிக்கும் டோல்கேட்டுகளின் வருமானத்துக்கும் இதே பாதைதான். நாங்குநேரியில் வசூலானது நாங்குநேரிக்கே என்று எந்த விதியும் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெட்ரோல், டீசல் போடும்போதே சாலைக்கென்று ஒரு செஸ் கட்டுகிறீர்கள். 2000-ல் சட்டமாக வந்த மத்திய சாலை நிதி, 2018-ல் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி ஆனது. வண்டி வாங்கும்போது மாநில அரசுக்குச் சாலை வரி. மூன்றாவதாகத்தான் டோல். மூன்று இடத்தில் பணம் கட்டுகிறீர்கள், மூன்றும் மூன்று கணக்குகளுக்குப் போகின்றன.

பராமரிப்பு வேறு, மேம்பாடு வேறு

குத்தகை நிறுவனத்தின் வேலை, ஏற்கெனவே இருக்கும் சாலையைப் பராமரிப்பது. பள்ளம் அடைப்பது, தார் மேல்பூச்சு போடுவது, விளக்கு எரியவிடுவது, ஆம்புலன்ஸ் நிறுத்துவது எல்லாம் அதில் வரும். ஆனால் விபத்து அதிகம் நடக்கும் சந்திப்பில் புதிய மேம்பாலம், ஊர் ஓரத்தில் புதிய சர்வீஸ் ரோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்க சப்வே எல்லாம் புதிய கட்டுமானம். அதற்கு நெடுஞ்சாலை ஆணையம் தனியாகத் திட்ட அறிக்கை தயாரித்து, மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, டெண்டர் விட வேண்டும்.

டோல் வசூலும் புதிய வேலைக்கான நிதியும் இரண்டு தனித்தனிக் குழாய்கள். ஒன்றில் தண்ணீர் கொட்டுகிறது என்பதற்காக மற்றொன்று தானாகத் திறக்காது. "டோல் கட்டுறோம்ல, செய்யுங்க" என்று டோல்கேட் மேலாளரிடம் மனு கொடுத்து ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுதான். அவரிடம் அந்த அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை.

பள்ளத்தாக்கின் மற்ற சாலைகளுக்கு வேறு கணக்கு. திருநெல்வேலி – தென்காசி நான்குவழிச் சாலை, உலக வங்கிக் கடனுதவி பெற்ற மாநிலச் சாலைத் திட்டத்தின் கீழ் வந்தது. நகரத்துக்கான மேற்குப் புறவழிச்சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் துண்டிக்கப்பட்டபோது சேதமான மாநிலச் சாலைகளைச் சரிசெய்வதும் மாநிலக் கருவூலத்தின் தலையில்தான் விழுந்தது. பக்கத்திலேயே ஓடும் நான்குவழிச் சாலையின் டோல் வருமானத்திலிருந்து அதற்கு நேரடியாக ஒரு பைசா வராது.

சாலை மோசமானால் கட்டணம் குறையுமா?

கட்டணத்தைத் தீர்மானிப்பது 2008-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள். நான்குவழிச் சாலையில் காருக்கு கிலோமீட்டருக்கு 65 பைசா, பஸ், லாரிக்கு ரூ.2.20 என்பது 2007-08-ன் அடிப்படைக் கட்டணம். அதன்மேல் ஆண்டுக்கு 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் சேர்ந்து ஏறும். விலைவாசி அப்படியே நின்றாலும் 3 சதவீதம் உண்டு.

இந்தச் சூத்திரத்தில் சாலையின் தரத்துக்கு இடமே கிடையாது. குத்தகை நிறுவனம் பராமரிக்காவிட்டால் ஆணையம் அபராதம் போடலாம். ஆனால் அது உங்கள் ஃபாஸ்டேக்கில் பிடித்த தொகையைக் குறைக்காது.

அதனால்தான் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். வல்லநாடு தாமிரபரணிப் பாலம் அடிக்கடி சேதமானதை அடுத்து, வாகைக்குளத்தில் பாதிக் கட்டணம்தான் வசூலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒருகட்டத்தில் உத்தரவிட்டது. 2025 ஜூனில், மதுரை – தூத்துக்குடி சாலையைச் சீரமைக்கும் வரை எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் டோல்கேட்டுகளில் வசூலிக்கவே கூடாது என்றது. அதே மாதம் அந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

ஆனால் இரண்டே மாதத்தில், கேரளத்தின் திருச்சூர் அருகே பாலியக்கரா டோல்கேட்டில் வசூலை நிறுத்திய கேரள உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிட அதே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குண்டும் குழியுமான, நெரிசலில் திணறும் சாலைக்கு மக்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பதே அங்கே எழுந்த கேள்வி. ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் ஒவ்வொரு வழக்கு, ஒவ்வொரு முடிவு. தெளிவான விதி இல்லாததன் விளைவு இது.

சலுகை யாருக்கு?

2025 ஆகஸ்ட் 15-ல் ரூ.3,000 வருடாந்திர பாஸ் வந்தது. தனியார் கார், ஜீப், வேன்களுக்கு 200 முறை அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். நெல்லை – மதுரை போய்வர ஆறு முறை டோல்கேட்டைக் கடக்கணும். அப்படியானால் 33 தடவை போய்வரலாம். 2025-ல் வந்த அந்த விலைப்படி ஒரு டோல்கேட்டுக்கு வெறும் 15 ரூபாய். அடிக்கடி மதுரை போகிறவர்களுக்கு லாபம்தான்.

ஆனால் பஸ்ஸுக்கு இந்த பாஸ் இல்லை. ஒரே வண்டியில் ஐம்பது பேரைக் கூட்டிப்போகும் அரசு பஸ் கட்டணம் கட்டணும். அந்தச் செலவு கழகத்தின் நஷ்டத்தில் ஏறும், இல்லாவிட்டால் ஜூலையில் பார்த்ததுபோல பாக்கியாகச் சேரும்.

என்ன மாறினால் நல்லது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சில முக்கியமான பரிந்துரைகளைத் தந்தது. கட்டுமானச் செலவும் பராமரிப்புச் செலவும் வசூலான பிறகு டோலைக் குறைக்கணும் அல்லது நிறுத்தணும். கட்டணத்தை நிர்ணயிக்கத் தன்னிச்சையான ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும். சாலை பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தால் பயணிக்குக் கட்டண நிவாரணம் கிடைக்கணும்.

டோலை ஒரேயடியாக எடுத்துவிட்டால் போதுமா? ஸ்பெயின் அப்படிச் செய்து பார்த்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த முக்கிய நெடுஞ்சாலைகளை 2018-லிருந்து ஒவ்வொன்றாக இலவசமாக்கியது. மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பராமரிப்புச் செலவு அரசின் பொது வருவாய்க்கு மாறியது. சாலைக்கு யாராவது பணம் கட்டித்தான் ஆகணும். கட்டுகிறவருக்குக் கணக்கு தெரிகிறதா என்பதுதான் விஷயம்.

மதுரை – கன்னியாகுமரி சாலைக்கு 30 ஆண்டுக் குத்தகை இருப்பதால், அங்கே டோல் சீக்கிரம் போகப்போவதில்லை. எனவே உள்ளூரிலிருந்து எழும் கோரிக்கையைச் சரியான கதவில் தட்ட வேண்டும். பள்ளம், விளக்கு என்றால் குத்தகை நிறுவனம், அதைக் கண்காணிக்கும் ஆணையத்தின் திட்டச் செயலாக்கப் பிரிவு. சப்வே, மேம்பாலம் என்றால் ஆணையமும் மத்திய அமைச்சகமும். அங்கே குரல் எழுப்ப வேண்டியவர் உங்கள் எம்.பி. புறவழிச்சாலை, ஆற்றங்கரைச் சாலைகள் என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறையும் எம்.எல்.ஏ.வும். பஸ் பாக்கி என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறை.

ஒவ்வொரு டோல்கேட்டிலும் கட்டண விவரப் பலகை வைத்திருக்கிறார்கள். இதுவரை எவ்வளவு வசூலானது, இந்தச் சாலைக்கு எவ்வளவு செலவானது, அடுத்து என்ன வேலைக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்ற மூன்று வரிகளையும் அதே பலகையில் எழுத, ஒரு பெயிண்டரின் ஒருநாள் கூலிக்கு மேல் செலவாகாது.