மேலே ரயிலை நிறுத்துகிறோம், கீழே பஸ்ஸை?



மழை வலுத்ததும் ரயிலை ரத்து செய்துவிடுகிறார்கள் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. ரயில் பாலத்துக்கு அடியில் போகும் பஸ்ஸை நிறுத்த ஆளில்லையே என்பதுதான் என் குறை.

1956 நவம்பர் 23 அதிகாலையில், மருதையாற்று வெள்ளத்தில் அரியலூர் அருகே பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்று ஆற்றுப் பாலங்களில் அபாய அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே வெள்ளம் அந்த அளவைத் தாண்டியதும் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 17 இரவு, செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்தினார்கள். அதற்கு அப்பால் ஜல்லி அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். ஆனால் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

பாலத்துக்கு அடியிலோ கதை வேறு. கோவையில் சிவானந்தா காலனி, கிக்கானி பள்ளி, லங்கா கார்னர் ரயில் பாலங்களின் அடியில் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் தேங்குகிறது. 2024 அக்டோபரில் சிவானந்தா காலனி பாலத்தடியில் ஒரு தனியார் பஸ்ஸே சிக்கிக்கொண்டது. பயணிகளை மீட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

இங்கே மழை நாளில் நடப்பதென்ன? பைக்கில் வருபவர், முன்னால் போகும் வண்டியின் சைலன்சர் முங்குகிறதா என்று பார்த்து, போகலாமா வேண்டாமா என முடிவு செய்கிறார். டவுன் பஸ் டிரைவருக்கோ பின்னால் ஹாரன், உள்ளே ‘போங்கண்ணா, நேரமாச்சு’ என்ற குரல். நனைந்தபடி கை காட்டி வண்டிகளைத் திருப்பி விடுபவர் பெரும்பாலும் பக்கத்து ஆட்டோக்காரர்தான். பள்ளம் எங்கே, சாக்கடை மூடி எங்கே என்று அந்தக் கலங்கல் தண்ணீரில் யாருக்குத் தெரியும்?

மோட்டார் வைத்து இறைப்பது தண்ணீர் தேங்கிய பிறகு செய்யும் வேலை. வாகனத்தைத் தடுப்பது அதற்கு முன்பே செய்ய வேண்டியது. பாலம் ரயில்வேயுடையது, சாலை வேறு துறையுடையது என்ற கணக்கெல்லாம் அலுவலகத்துக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு பாலச் சுவரிலும் எட்டத்தில் தெரியும்படி அளவுகோல் வரைய வேண்டும். சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் இரு முனையிலும் தடுப்பை இறக்க வேண்டும். அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியும் தொலைபேசி எண்ணும் அங்கேயே எழுதப்பட வேண்டும்.

இதற்குப் புதுப் பாலமோ பல கோடி ரூபாயோ தேவையில்லை. ரயில்வேயும் மாநகராட்சியும் காவல்துறையும் ஒருமுறை கூடிப் பேசினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்ட ஆட்சியர் அந்தக் கூட்டத்தைக் கூட்டுவாரா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காந்திபுரம், கோவை.