சாவியும் சம்பளமும் ஒரே கையில்

ரூமைக் காலி பண்ணும்போது நம்மில் பலருக்கும் நடக்கிற கதைதான் இது. "பெயிண்ட் அடிக்கணும் தம்பி, குழாய் வேற உடைஞ்சிருக்கு" என்று ஹவுஸ் ஓனர் ஆரம்பிப்பார். கொடுத்த அட்வான்ஸில் பாதிதான் கைக்கு வரும். குடியிருக்கும் வரைக்கும் நினைத்த நேரத்தில் கதவைத் தட்டுவார். சில ஓனர்கள் தட்டவும் மாட்டார்கள், இன்னொரு சாவி அவர்களிடம்தானே இருக்கு. நாமும் "அவங்க வீடு, அவங்க இஷ்டம்" என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இதில் ஒரு ஓட்டை உண்டு: ஒப்பந்தத்தில் நீங்களே அதிகமாகத் தர ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது செல்லும். அதனால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்குள் வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகராறு இருந்தாலும் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தக் கூடாது.

இவ்வளவையும் படித்துவிட்டு "பரவாயில்லையே" என்று தோன்றும். இதே சட்டத்தில் யாருக்கெல்லாம் இது பொருந்தாது என்ற பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஒரு கம்பெனியோ பல்கலைக்கழகமோ அமைப்போ, தனக்குச் சொந்தமான கட்டடத்தை வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் ஊழியர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தால், அந்தக் குடியிருப்புக்கு இந்தச் சட்டம் கிடையாது. அதாவது முதலாளியே வீட்டுக்காரராகவும் இருந்தால், மேலே சொன்ன பாதுகாப்பு எதையும் கேட்க முடியாது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரிய நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். மணிமுத்தாறு செக்போஸ்டைத் தாண்டி மலை ஏறினால் போதும்.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஏறக்குறைய 8,374 ஏக்கர் காட்டை 99 வருட குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலையைச் சுற்றிக் குடியிருப்புகள் உருவாயின. லைன் வீடுகள் கம்பெனியுடையவை. பள்ளிக்கூடமும் கோயிலும் சர்ச்சும் அதைச் சுற்றியேதான். நான்கைந்து தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே தேயிலை பறித்து, அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். ஆனால் குடும்பத்தில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தால்தான் வீடு. தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டு சட்டம் சொன்னது. வேலை போன பிறகு அந்த வீட்டில் இருக்கிறவர்களின் கதி என்ன என்பதற்கு அதில் தெளிவான பதில் இல்லை.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு நாலு வருடம் முன்பே, 2024-இல், கம்பெனி தோட்டத்தை மூட முடிவெடுத்து விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஜூன் மாதத்தோடு வேலை முடிந்தது. ஆகஸ்ட் 7-க்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நான்கைந்து தலைமுறை வாழ்க்கையை மூட்டை கட்ட ஏறக்குறைய ஐம்பது நாள்!

பணம் எப்படித் தரப்பட்டது என்பதுதான் நம்ம அட்வான்ஸ் கதையோடு சேர்கிற இடம். ஓய்வுத் தொகையில் 25 சதவீதம் முதலில், மீதி 75 சதவீதம் வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த பிறகு என்பதுதான் ஏற்பாடு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்முடைய அட்வான்ஸ் நாமே கொடுத்த மூன்று மாத வாடகை. அங்கே பிடித்து வைக்கப்பட்டது, முப்பது நாற்பது வருடம் அட்டைக்கடியோடு மழையில் நின்று வேலை பார்த்ததற்கான தொகை. சாவியைக் கொடுத்தால்தான் பணம், பணம் வந்தால்தான் கீழே வேறு வீடு பார்க்க முடியும். இந்த நிலையில் போடும் கையெழுத்தை "விருப்ப" ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

தனியுரிமையும் இதே மாதிரிதான். நம்ம ரூமுக்கு ஓனர் வருவதற்கு நோட்டீஸ் வேண்டும் என்கிறோம். அங்கே வீடு இருக்கும் மொத்த மலையும் ஒரு கேட்டுக்குப் பின்னால். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வெளியிலிருந்து யார் வந்தாலும் வனத்துறை சோதனையைத் தாண்டித்தான் போக முடியும்.

கூலி கேட்பதும் அங்கே எளிதாக இருந்ததில்லை. கூலி உயர்வுக்காகப் போராடிச் சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக் கரையில் 17 உயிர் போனது. கூலி தருபவரே வீட்டுக்காரரும் ஆனால், ஐம்பது ரூபாய் கூடக் கேட்கிறவர் தன் கூரையையும் சேர்த்துப் பந்தயம் வைக்கிறார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நாம் குடிக்கிற தாமிரபரணித் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்து வருகிறது. தேயிலை இருந்த இடம் மறுபடி காடாவது நல்லதுதான். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனபோது, தொழிலாளர்களைக் கட்டாயமாக வெளியேற்ற முதலில் தடை கிடைத்தது. 2024 டிசம்பர் தீர்ப்பு, தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை, மறுவாழ்வுத் திட்டத்தை நிறைவேற்றச் சொன்னது. ரெட்டியார்பட்டி அடுக்குமாடி வீடுகள் போன்றவை அப்படி முன்வைக்கப்பட்டவைதான்.

காடு காடாகட்டும். ஆனால் அந்த மலை இன்றைக்குப் புலிக்கு ஒதுக்கப்பட்டதில்லை, குத்தகை முடியும் நாளும் 1929-லேயே எழுதிய நாள். இவ்வளவு காலம் இருந்தும், மாற்று வீட்டை முதலில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு காலி செய்யச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லாமல் போனது ஏன்? குடியிருந்தவர்களைச் சட்டம் "வாடகைதாரர்" என்று பார்க்கவில்லை. வேலையோடு சேர்ந்து வந்த ஆளாகத்தான் பார்த்தது.

இதை வேறு மாதிரியும் செய்ய முடியும். இங்கிலாந்தில் பண்ணைத் தொழிலாளர்களும் இப்படி முதலாளி கொடுத்த வீட்டில்தான் இருந்தார்கள், வேலை போனால் வீடும் போய்விடும். 1976-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் பண்ணை வேலை பார்த்தவருக்கு, வேலை முடிந்த பிறகும் அந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்கும் உரிமையை அது கொடுத்தது. வேறு தொழிலாளிக்கு அந்த வீடு தேவை என்று முதலாளி காட்டினால், பழையவருக்கு மாற்று வீடு கிடைக்க உள்ளாட்சி முயல வேண்டும் என்றது.

நம்ம சட்டத்திலும் மூன்று மாற்றம் வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, முதலாளி கொடுக்கும் வீடுகளுக்கான விலக்கை நீக்கி, நோட்டீஸ், தனியுரிமை, தண்ணீர், கரண்ட் விதிகளையாவது அங்கேயும் பொருத்த வேண்டும். இரண்டு, சம்பளமோ ஓய்வுத் தொகையோ எதையும் வீட்டுச் சாவியோடு முடிச்சுப் போடக் கூடாது. மூன்று, காலி செய்யும் அவகாசம் எத்தனை வருடம் குடியிருந்தார்கள் என்பதைப் பொறுத்து இருக்க வேண்டும்.

"நமக்கென்ன, நாம இன்ஜினியர்கள்" என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது, தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான். 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு தொழிலாளர் குடியிருப்பு திறந்தார்கள். வேலையோடு படுக்கையும் சேர்ந்து வரும் காலம் இது. ஆஃபர் லெட்டரில் "தங்குமிடம் இலவசம்" என்று பார்த்தால் சந்தோஷப்படுங்க, கூடவே நாலு கேள்வியும் கேளுங்க. வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம்? ரூமுக்குள் யார், எப்போது வரலாம்? என்ன பிடித்தம்? எழுத்தில் தருவீங்களா?

இப்போது வாடகை ரூமில் இருக்கிறவர்கள் குடிபோகும் அன்றைக்கே சுவர், குழாய், ஸ்விட்ச் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வைங்க. அட்வான்ஸை ஜிபேயிலோ ரசீது வாங்கிக்கொண்டோ கொடுங்க. நமக்கு இதைக் கேட்க ஒரு சட்டமாவது இருக்கிறது. மாஞ்சோலைக்காரர்களுக்கு அதுவும் இல்லாமல் போனதைப் பற்றி அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஒரு கேள்வி கேட்போம்.