வாடகைக் காரும் கூட்டுறவும்

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கார் ஓட்டும் தொழிலை நாடிச் செல்வது நம் மாவட்டத்தில் இன்று சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது. தறியில் போதிய கூலி கிடைக்காத வீட்டில், தாயின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மாதத் தவணையில் ஒரு வண்டி வாங்கப்படுகிறது. வண்டி வந்த பிறகு தவணைதான் நிலையாக இருக்கிறது; சவாரி நிலையாக இருப்பதில்லை. ஆகவே, “நாமே ஒரு டாக்ஸி சங்கம் ஆரம்பித்தால் என்ன?” என்ற கேள்வி எழுவது இயற்கையே. அக்கேள்விக்கு உற்சாகத்தோடு மட்டுமன்றிக் கணக்கோடும் விடை கூற வேண்டியது கூட்டுறவாளர்களின் கடமையாகும்.

இத்தொழிலின் அமைப்பு நெசவாளருக்குப் புதியதன்று. வியாபாரி நூல் கொடுப்பார். நெசவாளர் கூலிக்கு நெய்து கொடுப்பார். துணி எங்கே போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று என்பது தறியில் அமர்ந்தவருக்குத் தெரியாது. இந்நிலையை மாற்றவே நெசவாளர் சங்கங்கள் தோன்றின. அவற்றின் துணியை விற்க 1935ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றிற்று. இன்று கார் ஓட்டுபவரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. வண்டி அவருடையது, கடன் அவருடையது, உழைப்பும் அவருடையது. பயணி மட்டும் கைபேசிச் செயலி நடத்தும் கம்பெனியின் கையில் இருக்கிறார். சந்தையை இழந்தவன் கருவியைச் சொந்தமாக வைத்திருந்தும் கூலியாளாகவே இருக்கிறான் என்னும் உண்மையை நெசவாளருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மோட்டார்த் தொழிலில் கூட்டுறவு என்பதும் புதிய எண்ணமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சென்னை மாகாணத்தில் முன்னாள் இராணுவத்தினருக்காக மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அமெரிக்காவில் மேடிசன் நகரத்துக் காரோட்டிகள் 1979இல் தங்களுக்கென ஒரு டாக்ஸி கூட்டுறவை ஏற்படுத்தினர். நியூயார்க் நகரிலும் 2021இல் ஓட்டுநர் கூட்டுறவொன்று சேவையைத் தொடங்கிற்று. கேரள அரசின் தொழிலாளர் துறை 2022இல் ‘கேரள சவாரி’யைத் தொடங்கி, 8 சதவீதச் சேவைக் கட்டணம் நிர்ணயித்தது. நம் நாட்டிலே தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம், இப்கோ, அமுலின் குஜராத் சம்மேளனம் முதலிய பெரிய நிறுவனங்களின் ஆதரவில் ‘சஹகார் டாக்ஸி’ கூட்டுறவுச் சங்கம் 2025 ஜூன் மாதம் பல மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாயிற்று. ‘பாரத் டாக்ஸி’ என்னும் அதன் சேவை கமிஷன் இல்லை என்ற வாக்குறுதியோடு முதலில் டில்லியில் தொடங்கப்பட்டது.

இம்முயற்சிகள் யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும், கமிஷன் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பிழையானது. இதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம்.

8 இலட்ச ரூபாய் விலையுள்ள ஒரு வண்டி மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும், அதில் நூற்றுக்கு 40 பங்கு ஆளில்லாமல் ஓடுவதாகவும் கொள்வோம். மீதி 2,400 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் 18 ரூபாய் வீதம் வரவு 43,200 ரூபாய். லிட்டருக்கு 20 கிலோமீட்டர், லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் எரிபொருள் 19,000 ரூபாய். டயர், எண்ணெய், பழுது 4,000. இன்ஷூரன்ஸ், வரி, தகுதிச் சான்று மாதக் கணக்கில் 4,000. ஆறு ஆண்டில் வண்டியின் மதிப்பு 8 இலட்சத்திலிருந்து 2 இலட்சமாகக் குறைந்தால், தேய்மானம் மாதம் 8,333. ஆக மொத்தச் செலவு 35,333. எஞ்சுவது 7,867 ரூபாய். கடன் வட்டியையும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வரவில் 20 சதவீதம் கமிஷன் போகுமாயின் அது 8,640 ரூபாய். அப்பொழுது எஞ்சுவது ஒன்றுமில்லை, 773 ரூபாய் நஷ்டமே.

கமிஷனை அடியோடு நீக்கினால் கிடைக்கும் நன்மை இந்த 8,640 ரூபாய்தான். வெற்றோட்டத்தை 40 பங்கிலிருந்து 25 பங்காகக் குறைத்தாலோ, அதே 4,000 கிலோமீட்டரில் 3,000 கிலோமீட்டருக்குக் கட்டணம் கிடைக்கும்; வரவு 54,000 ஆகும்; கூடுதல் 10,800 ரூபாய். எனவே சங்கத்தின் முதல் வேலை கமிஷனை எதிர்ப்பதன்று. வண்டி வெறுமனே திரும்பாதபடி பார்த்துக்கொள்வதே. தனி ஒருவரால் இதைச் செய்ய இயலாது. ஆரணிக்குப் போனவருக்குத் திரும்பும் பயணியைத் தேடிக் கொடுக்கவும், சென்னை மருத்துவமனைக்கு ஒருவரைக் கொண்டு சென்றவருக்கு அங்கிருந்து திருவண்ணாமலை வருபவரைச் சேர்த்து வைக்கவும், பலர் கூடி நடத்தும் ஓர் அலுவலகத்தால்தான் முடியும்.

நம் ஊரில் இன்னொரு மயக்கமும் உண்டு. பௌர்ணமிதோறும் பல இலட்சம் மக்கள் கிரிவலம் வருகிறார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இக்கூட்டத்தை எண்ணிக் கார் வாங்கியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்நாட்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நடந்து வருவோருக்கு உரியது. வாகனங்கள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்படும். கூட்டம் மிகுந்த நாளே கார் ஓட முடியாத நாள். மேலும் பௌர்ணமி ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோதான்; தவணையோ ஒரு மாதமும் தவறுவதில்லை.

இதற்கு மாறாக வேங்கிக்காலைப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கே உள்ளது. திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாளில் செய்யாறு, வந்தவாசி, ஜவ்வாது மலை முதலிய இடங்களிலிருந்து மக்கள் மனுவோடு வருகிறார்கள். பேருந்தில் வர இயலாத முதியோரும் ஊனமுற்றோரும் அவர்களுள் உண்டு. நான்கு பேர் சேர்ந்து கட்டணத்தைப் பங்கிட்டு ஒரு வண்டியில் வருவதற்குச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். ஆடம்பரமில்லாத இச்சிறு தேவைகளே வாரந்தோறும் நிலைத்து நிற்கும். தொழில் நிற்பதும் அவற்றின் மேல்தான்.

அடுத்தது தேய்மானம். தேய்மானத்தை ஒதுக்காத ஓட்டுநரின் கையில் மேற்கண்ட கணக்கின்படி 7,867க்குப் பதிலாக 16,200 ரூபாய் நிற்கும். 10 சதவீத வட்டியில் 6 இலட்சக் கடன் ஐந்து ஆண்டுத் தவணையில் இருந்தால், மாதம் சுமார் 12,750 ரூபாய் அதிலிருந்து போய்விடும். மீதியில் குடும்பம் நடக்க வேண்டும். கடன் தீர்ந்த மறுநாள் வண்டியும் தீர்ந்திருக்கும். அடுத்த வண்டிக்கு மறுபடியும் தாயின் நகை. வருமான வரி விதிகள் சாதாரணக் காருக்கு 15 சதவீதமும் வாடகைக்கு ஓடும் டாக்ஸிக்கு 30 சதவீதமும் தேய்மானம் அனுமதித்து வந்ததே, இவ்வண்டிகள் எத்தனை விரைவில் தேய்கின்றன என்பதற்குச் சான்று. ஆகவே ஒவ்வொரு சவாரியிலிருந்தும் ஒரு தொகையைத் தேய்மான நிதிக்குப் பிடித்து, அங்கத்தினர் பெயரிலேயே மத்தியக் கூட்டுறவு வங்கியில் வைத்து, புது வண்டி வாங்கும்பொழுதன்றி வேறெதற்கும் எடுக்க முடியாதபடி துணைவிதியில் எழுதிவிட வேண்டும்.

இனி, நம் நெசவாளர் சங்கங்களும் உழவர் சங்கங்களும் இதில் என்ன செய்யலாம்? தங்கள் காப்பு நிதியைக் கொண்டு கார்கள் வாங்கி விடலாம் என்று சிலர் கூறுவதை ஏற்பதற்கில்லை. சங்கப் பணத்தை எங்கே முதலீடு செய்யலாம் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அது ஒருபுறமிருக்க, நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் இருக்கும் பணத்தைச் சாலையில் தேயும் பொருளில் போடுவது அறிவுடைமையன்று. சங்கம் வாங்கிய கார் நிர்வாகிகளின் சொந்தக் காராக மாறிவிடும் அபாயமும் உண்டு. ஓட்டுநர்கள் தனிச் சங்கம் அமைக்கட்டும். ஓட்டுபவரே அங்கத்தினராக இருக்கட்டும். இப்பொழுது தங்களிடமுள்ள வண்டிகளைக் கொண்டே தொடங்கட்டும். ஆரம்பத்தில் வேண்டுவது ஒரு சிறிய அறை, ஒரு தொலைபேசி, வரிசை எண் எழுதிய ஒரு பதிவேடு, நேர்மையான ஒரு குமாஸ்தா, இவ்வளவே. நம் சங்கங்கள் மூலதனத்துக்குப் பதிலாக வேலை கொடுக்கலாம். கண்காட்சிக்குப் போகும் பயணம், வங்கிக்குப் போகும் பயணம், அங்கத்தினர் வீட்டுத் திருமணம் ஆகியவற்றுக்கு அவர்களின் வண்டியையே அழைக்கலாம். கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு வேண்டும் என்று சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனம் 1966ஆம் ஆண்டிலேயே கோட்பாடு வகுத்திருக்கிறது.

சட்டத்தையும் மறத்தலாகாது. வெள்ளைப் பலகை மாட்டிய சொந்தக் காரை வாடகைக்கு விடுவது குற்றம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கக் கூடும். மஞ்சள் பலகையும் பெர்மிட்டும் இன்றி எந்த வண்டியையும் சங்கம் சேர்க்கக் கூடாது. பயணிகள் வண்டியில் காய்கறி மூட்டைகளை ஏற்றுவதும் முறையன்று. அதற்குச் சரக்கு வண்டியின் பெர்மிட் வேண்டும். இலகுரக வாகன உரிமம் உடையவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டதால், அவ்வகையில் ஓட்டுநருக்கு ஒரு தொல்லை குறைந்தது. ஆனால் செயலி வழியே பயணிகளைச் சேர்த்துவிடுபவர் அரசின் உரிமம் பெற வேண்டும் என 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆதலால் செயலி பின்னர் வரட்டும்; கணக்கு முதலில் வரட்டும்.

இத்தகைய சங்கத்தை அழிக்கக்கூடிய நோய் ஒன்றே. சங்கம் அனுப்பிய பயணியிடம் தம் சொந்த எண்ணைக் கொடுத்து, அடுத்த முறை நேரே அழைக்கச் சொல்வதே அது. சங்கத்து நூலில் நெய்து வெளியில் விற்பதைக் கண்டித்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். தண்டனையால் மட்டும் இதை நிறுத்த முடியாது. 1844இல் ராச்டேல் நெசவாளரும் அவர்தம் தோழரும் தங்கள் கடையில் வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தைப் பங்கிட்டார்கள். அதுபோல, சங்கத்தின் மூலம் ஓடிய சவாரிக்கேற்ப ஆண்டு இறுதியில் ஊக்கத்தொகை கிடைக்குமானால், நேர்மையே இலாபமாகும்.

கார் வாங்குவது எளிது. கடன் கொடுக்கப் பலர் காத்திருக்கிறார்கள். ஒரு தொழிலை இருபது ஆண்டு நிலைநிறுத்துவதே அரிது. தறியை இழந்த குடும்பம் காரையும் இழக்காதிருக்க வேண்டுமானால், வண்டி வாங்கக் கையொப்பமிடுமுன் பிள்ளைகளை அமர வைத்து இந்தக் கணக்கை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு ஒத்து வந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து சங்கமாகத் தொடங்கச் சொல்லுங்கள். அவர்களின் வண்டியை முதலில் அழைப்பவர்கள் நம் சங்கத்து அங்கத்தினர்களாக இருக்கட்டும்.