பீர்க்கங்கூடு மறுபடியும் ட்ரெண்டு... ஆனா, கருமையைத் தேய்ச்சு எடுக்க முடியுமா?

இன்ஸ்டாவில் 'எவ்ரிதிங் ஷவர்' என்று தட்டினால் வந்து விழும் ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைக்கு எண்ணெய், முகத்துக்கு மாஸ்க், உடம்புக்கு ஸ்க்ரப், அப்புறம் லோஷன் என்று ஒரு குளியலையே ஒரு மணி நேர ப்ராஜெக்ட்டாக மாற்றும் ட்ரெண்ட் அது. அந்த வீடியோக்களில் இப்போ அடிக்கடி தலைகாட்டும் ஒரு பொருள், நம்ம ஊர் வேலியில் காய்ந்து தொங்குமே, அதே பீர்க்கங்கூடு. வட்டமாக நறுக்கி, பிரவுன் பேப்பர் சுற்றி, 'நேச்சுரல் லூஃபா' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். 'எங்க பாட்டி இதுலதான் பாத்திரம் தேய்ப்பாங்க' என்ற கமென்ட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

விலையைவிட அந்தப் பெயர்தான் பெரிய காமெடி. லூஃபா என்பதே அரபியிலிருந்து வந்த, அந்தக் கொடியின் பெயர். தாவரவியலிலும் பீர்க்கங்காய்க்கும் அதன் சொந்தக்காரரான நுரைப்பீர்க்குக்கும் 'லுஃபா' என்றுதான் பெயர். கடையில் கயிறு கட்டித் தொங்கும் பிங்க் கலர் நைலான் பந்துக்கு நாம் அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். இப்போ ஒரிஜினல் திரும்பி வரும்போது, பாவம், 'நேச்சுரல்' என்று சேர்த்துச் சொல்லி தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மறுவருகைக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்புவரை ஃபேஸ்வாஷிலும் ஸ்க்ரப்பிலும் நறநறவென்று சின்னச் சின்ன உருண்டைகள் இருக்குமே, அதில் பல பிளாஸ்டிக். மைக்ரோபீட்ஸ் என்பார்கள். முகத்திலிருந்து வழிந்து, சாக்கடை வழியாக ஆறு, கடல் என்று போய் மீன் வயிற்றுக்குள் சேர்ந்தன. அமெரிக்கா 2015-ல் இதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2018-ல் பிரிட்டன் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் 2023-ல் கட்டுப்பாடு போட்டது. நைலான் பந்தும் தேயத் தேய நுண்ணிய இழைகளை உதிர்க்கிற பிளாஸ்டிக்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் மண்ணில் மக்கிப்போகும் ஒரு காயின் கூடு எவ்வளவோ மேல். இதில் மாற்றுக்கருத்தே இல்லை.

எதுக்காகத் தேய்க்கிறோம்?

வெளிநாட்டு வீடியோக்களில் ஸ்க்ரப்புக்குச் சொல்லும் காரணம், குளிரில் வறண்டு செதில் செதிலாக உரியும் தோலை நீக்குவது. அதே பொருள் நம் டைம்லைனுக்கு வரும்போது கேப்ஷன் மாறிவிடுகிறது: 'டேன் ரிமூவல்', 'கழுத்துக் கருமை ஒரே வாரத்தில் காலி', 'முழங்கை கறுப்பு போக இதைத் தேய்ங்க'. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கும். வார்த்தை போனது, ஆசை போகவில்லை. க்ரீமில் சொல்ல முடியாததை இப்போ நார் வைத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் பிரச்னை அரசியல் மட்டுமல்ல. தேய்த்தால் கருமை போகாது, கூடும்.

'ஃப்ரிக்‌ஷன் மெலனோசிஸ்' என்று தோல் மருத்துவத்தில் ஒரு பிரச்னை இருக்கிறது. தொடர்ந்து அழுத்தித் தேய்ப்பதால் வரும் கருமை. ஜப்பானில் நைலான் டவல் போட்டு முதுகு தேய்த்தவர்களிடம் 1980-களிலேயே இதைக் கவனித்தார்கள். 2001-ல் ஈராக் மருத்துவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'லிஃபா நோய்'. லிஃபா என்றால் அங்கே குளிக்கும்போது உடம்பு தேய்க்கும் நார்! தோளெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, முதுகுத்தண்டு, முழங்கை என எங்கெல்லாம் தோலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் படலம் படலமாகக் கறுத்துப்போகிறது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். இன்னும் கறுக்கிறது.

காரணம் சிம்பிள். நிறத்தைக் கொடுக்கும் மெலனின் தோலின் மேலடுக்கில் இருக்கும்வரை, செல்கள் உதிரும்போது அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். முரட்டுத்தனமாகத் தேய்த்து மேலடுக்கின் அடித்தளத்தைக் காயப்படுத்தினால் நிறமி கீழடுக்குக்கு இறங்கிவிடும். அங்கே போய்விட்டால் எந்த நாராலும் அதை எட்ட முடியாது. கொசுக்கடி, பரு எல்லாமே கறுப்புத் தழும்பாக நிற்கிற நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோல்காரர்களுக்கு இது எளிதில் நடக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியும், இப்படிப்பட்ட தோல் உள்ளவர்களுக்கு அழுத்தமான எக்ஸ்ஃபோலியேஷன் சரிப்படாமல் போகலாம் என்றே சொல்கிறது.

கழுத்துக் கருமைக்குத் தனியாக ஒரு விஷயம். பின்கழுத்து, அக்குளில் தோல் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால், அது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் ஆக இருக்கலாம். பல சமயம் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான சிக்னல் அது. உடல் எடை கூடியவர்கள், பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். 'ஒழுங்கா தேய்ச்சுக் குளி'ன்னு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வளரும் எத்தனை பிள்ளைகளுக்கு உண்மையில் தேவை ஒரு சுகர் டெஸ்ட்! அந்த ரீல்ஸை ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்போ பயன்படுத்தவே கூடாதா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். முகத்துக்கு மட்டும் வேண்டாம். முகத்துக்கு நார்தான் வேணும் என்றால் கொன்ஜாக் ஸ்பாஞ்ச் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது கல் மாதிரி, நனைத்தால் ஜெல்லி மாதிரி ஆகிவிடும். ஜப்பானில் சமையலுக்கும் பயன்படும் ஒரு கிழங்கின் மாவில் செய்தது. கொரியா, ஜப்பான் என்று ஆச்சர்யப்பட வேண்டாம், அது நம்ம சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு.

உடம்புக்கு பீர்க்கங்கூடு என்றால், சில நிமிஷம் வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக மெத்தென்று ஆனபிறகு சோப்பு நுரையோடு லேசாக வட்டம் போடுங்கள். ஓர் இடத்தில் அரை நிமிஷம் போதும். வாரத்துக்கு ஒன்று, இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். குளித்ததும் மாய்ஸ்ச்சரைசர் அவசியம். ஷேவ் செய்த அன்றும், வெயிலில் எரிந்த தோலிலும், பரு, காயம், எக்ஸிமா இருக்கும் இடத்திலும் கை வைக்காதீர்கள்.

சுத்தம் ரொம்ப முக்கியம். 1993-ல் வெளியான ஓர் ஆய்வு, லூஃபா நாரில் சூடோமோனாஸ் பாக்டீரியா பெருகி, அதைப் பயன்படுத்தியவருக்கு மயிர்க்கால்களில் தொற்று வந்ததைப் பதிவுசெய்தது. ஈரம், தோல் துணுக்குகள், காற்றே புகாத இடுக்குகள்... கிருமிக்கு விருந்து. ஜன்னலே இல்லாத நம்ம ஹாஸ்டல், அப்பார்ட்மென்ட் பாத்ரூம்களில் கேட்கவே வேண்டாம். குளித்ததும் நன்றாகப் பிழிந்து மொட்டைமாடியிலோ பால்கனி வெயிலிலோ காயவிடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மாற்றிவிடுங்கள். ஒருவர் நாரை இன்னொருவர் தொடக்கூடாது, ரூம்மேட்டாகவே இருந்தாலும்.

ஊரில் வீடு இருந்தால் வாங்கவே தேவையில்லை. கொடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போடும் காயைப் பறித்து, தோலை உரித்து, விதையை உதறி, அலசிக் காயவைத்தால் முடிந்தது. பளீர் வெள்ளையாக இருப்பதைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் ப்ளீச் செய்தது. நார் எல்லாம் இயல்பிலேயே மாநிறம்தான்.