பல்லியும் பள்ளியும் போதும்

குழந்தைகளுக்குக் கல்வி விளையாட்டு செய்யக் கிளம்பும் கல்லூரி மாணவர் குழு, 247 எழுத்துகளையும் அடக்கிவிட ஆசைப்படக் கூடாது. ஒரு பருவத்துக்குள் அது முடியாது. முடிந்தாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். லகர, ளகர வேறுபாடு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். திரையில் பல்லி, பள்ளி என இரண்டு படங்கள். ஒலியைக் கேட்டுக் குழந்தை சரியானதைத் தொட வேண்டும். தவறாகத் தொட்டால் பல்லி வாலை ஆட்டி ஓடும் என்று வைத்துவிட்டால், அதைப் பார்ப்பதற்காகவே குழந்தை தவறாகத் தொடும். இந்தக் கோளாறு நிரலில் தெரியாது. விளையாடும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

பிஞ்சுகளுக்குத் திரையே எதற்கு என்பது நியாயமான கேள்வி. 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் சொல்லியிருக்கிறது. அதனால்தான் விளையாட்டு மூன்று நிமிடத்தில் தானாக முடிந்து, ‘சுவரில் பல்லி இருக்கிறதா, போய்ப் பார்’ என்று குழந்தையை எழுப்பி அனுப்ப வேண்டும்.