ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்

என் விண்ணப்பத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. அப்பா அதை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். “ரிசல்ட் வரட்டும்மா, பாப்போம்” என்று சொல்லி, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் சொருகி வைத்தார். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அது வெளிமாநிலத்து மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் எம்.ஏ. விண்ணப்பம். தபாலில் வரவழைத்தது. டி.டி. எடுப்பதற்கான பணத்தை அம்மா பீடி சுற்றிய கூலியிலிருந்து கொடுத்திருந்தாள். ரிசல்ட் வந்தபோது குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதற்கு வெகுநாள் முன்பே முடிந்துபோயிருந்தது.

பல வருடம் கழித்து அம்மாவிடம் இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே அவள் கேட்டாள்: “ஒங்கப்பா வேண்டாம்னா சொன்னாவ? பாப்போம்னுதானளா சொன்னாவ.”

அம்மா சொன்னது சரி. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை.

என் அப்பாவின் மீது வழக்குப் போட இதை எழுதவில்லை. தென்காசியிலும் குற்றாலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் பெண்கள் முதுநிலைக்கு விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருகிறார்கள். வரும்போது அதே வாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தபால் போய் இணையம் வந்துவிட்டது. டி.டி. போய் யூபிஐ வந்துவிட்டது. ‘ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்’ மட்டும் அப்படியே இருக்கிறது. பெண் மேற்கொண்டு படிப்பதை இன்று எங்கள் பக்கத்து வீடுகள் மறுப்பதில்லை, தள்ளிப்போடுகின்றன. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கும்வரை தள்ளிப்போடுவதும் மறுப்பதும் ஒன்றுதான்.

தேதிகளைப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை சேர்வதற்கு 2022 முதல் சி.யு.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத்தேர்வு நடக்கிறது. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமானாலும் ஹைதராபாத்தோ டெல்லியோ ஆனாலும் வாசல் அதுதான். 2024, 2025 ஆண்டுகளில் அதற்கான விண்ணப்பம் மார்கழியில் திறந்து தையில் மூடியது. தேர்வு மார்ச் மாதம். அப்போது மாணவி ஆறாம் பருவத்தில் இருப்பாள். அவளுடைய ரிசல்ட்டை அங்கே யாரும் கேட்பதில்லை. இறுதியாண்டு படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஆகவே, ரிசல்ட் வந்த பிறகு பார்ப்போம் என்று ஒரு வீடு சொல்லும்போது, இந்தியாவின் பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களை ஒரே மூச்சில் கழித்துவிடுகிறது. சொல்கிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை என்பதுதான் என் புகார்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். இங்கே தை பிறந்தால் ஜாதகம் வெளியே போகும். எந்தத் தரகரிடம் கொடுப்பது, எந்தப் போட்டோவை வைப்பது என்பதற்கெல்லாம் ரிசல்ட் வரக் காத்திருப்பதில்லை. ‘பி.எஸ்ஸி. கடைசி வருசம்’ என்று எழுதினால் போதும். ஒரே பெண், ஒரே மாதம், இரண்டு விண்ணப்பங்கள். ஒன்றுக்கு அவசரம் இருக்கிறது, இன்னொன்றுக்கு ‘பார்ப்போம்’ இருக்கிறது. இதற்குப் பிறகும் இது வெறும் விவரம் தெரியாத கோளாறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, மத்தியப் பல்கலைக்கழகம் போகட்டும், உள்ளூரில் சேரலாமே என்பார்கள். சேரலாம். குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கியது. சுரண்டையில் காமராஜர் பெயரில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 முதல் இருக்கிறது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில்தான் அபிஷேகப்பட்டி வளாகம். மலையடிவாரத்தில் ஒரு மகளிர் கல்லூரி இல்லாமல் போயிருந்தால் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரிப் பெண் உருவாகியிருக்கவே மாட்டாள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பக்கத்தில் கல்லூரி திறந்தது அவள் கால் நடக்கத் தொடங்கட்டும் என்பதற்காக. அதையே எல்லைக் கல்லாக்கி, ‘இதுக்கு மேல எதுக்கு?’ என்று கேட்பதற்காக அல்ல. எந்தத் துறையில் எம்.எஸ்ஸி. படிக்கிறாய் என்று என்னிடம் வரும் பெண்ணைக் கேட்டால், எத்தனை மணி பஸ்ஸில் வீட்டுக்கு வரமுடியும் என்பதிலிருந்துதான் பதிலைத் தொடங்குகிறாள். பாடத்தைத் தேர்ந்தெடுத்தது அவளல்ல, பஸ்.

உள்ளூர் அரசுக் கலைக் கல்லூரிகளில் முதுநிலைக்கு விண்ணப்பம் திறப்பது பெரும்பாலும் ஆடி, ஆவணியை ஒட்டி. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் விண்ணப்பம் போட அனுமதி கிடைக்கும். ஆவணியில் முகூர்த்தம் தொடங்கிவிடும். இடையில் கிடைத்த இடத்தில் சேர்ந்து, நிச்சயமாகும்வரை போய்வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் சும்மா இருக்கிற பெண் என்பதைவிட எம்.ஏ. படிக்கிற பெண் என்று சொன்னால் வரன் கொஞ்சம் மேலே வரும்.

இங்கே புள்ளிவிவரத்தைக் காட்டுவார்கள். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி பெண்களின் மொத்தச் சேர்க்கை விகிதம் அகில இந்திய அளவில் 28.5. தமிழ்நாட்டில் 47ஐத் தாண்டியிருக்கிறது. நாடு முழுவதும் முதுநிலை மாணவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் அந்த எண்களைச் சிறுமைப்படுத்தவில்லை. அதற்குப் பின்னால் பெண்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் எத்தனை பேர் என்று எண்ணுகிற கணக்கு, அவர்களில் எத்தனை பேர் தாங்கள் கேட்ட பாடத்தில், கேட்ட ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதில்லை. காலண்டருக்குப் பின்னால் இருக்கும் விண்ணப்பங்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. காத்திருப்பு அறையில் கூட்டம் கூடியிருப்பதை வைத்து, எல்லோரும் ரயிலேறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

அரசும் நெடுங்காலம் இதே கணக்கில்தான் இருந்தது. 1989இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் வந்தது. அதற்கு வைத்த பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருடையது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிய, ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை எழுதிய பெண்மணி. பின்னாளில் அந்தத் திட்டத்தில் பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய் என்று ஆனது. தாலிக்கு 2011இல் 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் அது 8 கிராமானது. பெண்ணைப் படிக்க வைக்க அது பல வீடுகளைத் தூண்டியது என்பது உண்மை. கூடவே, படிப்பு எங்கே போய் முடிய வேண்டும் என்பதையும் அது சொல்லிக் கொடுத்தது. படிப்புக்கான பரிசு மணமேடையில் கிடைத்தது.

2022இல் அந்தத் திட்டம் மாற்றப்பட்டு புதுமைப் பெண் திட்டம் ஆனது. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். தாலித் தங்கத்தைப் படிப்புச் செலவாக மாற்றியதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அந்த ஆயிரம் ரூபாயில் பஸ்ஸுக்கும் நாப்கினுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் யாரிடமும் கை நீட்டாத பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் முதுநிலைக்கு அது கிடையாது. முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டில் ‘போதும்லா’ என்று சொல்லும் அதே இடத்தில்தான் அரசும் நிற்கிறது.

விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எல்லாம் எளிது. கைபேசி எண் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, பலருக்கு அங்கேதான் சிக்கல். பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளிடம் இருந்தது அப்பாவின் எண். ஓடிபி அவருக்குப் போனது. அவர் புனலூரில் காய்கறி லோடு இறக்கிக்கொண்டிருந்தார். போன் செய்தாள். என்ன நம்பர், எதுக்கு, யார் சொன்னா, எந்த ஊரு, யாருகூடப் போவே என்று விசாரணை நீண்டது. ஓடிபி காலாவதியாகிவிட்டது. ‘வீட்டுக்கு வந்து பேசிக்கிடுவோம்’ என்று அவர் போனை வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அவள் அன்று படிவத்தை மூடிவிட்டுப் போனாள். ஆறு இலக்க எண் ஒன்றைப் படித்துச் சொல்வதற்கு ஓர் ஆண் மனம் வைக்க வேண்டியிருக்கிறது.

படிவம் போனாலும் தேர்வு மையம் இருக்கிறது. திருநெல்வேலியில் கிடைத்தால்கூடத் துணைக்கு யார் என்ற கேள்வி வரும். ஒரு பெண்ணின் ஒரு நாள் பயணம் எங்கள் பக்கம் பல நாள் பேச்சுவார்த்தையில் கிடைப்பது. 2024 ஜூன் 18 அன்று யு.ஜி.சி. நெட் தேர்வை 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். மறுநாளே அது ரத்தானது. முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண்தான் என்று அறிவித்திருந்த ஆண்டு அது. எழுதிய அனைவருக்கும் அது அநியாயம். ஆனால் ஆண் இழந்தது ஒரு தேர்வை. பெண் தேர்வோடு சேர்த்து ஓர் அனுமதியையும் இழந்தாள். தேர்வை அரசு திரும்ப நடத்தும், அனுமதியை அவள் முதலிலிருந்து வாங்க வேண்டும்.

2022இல் வந்த முனைவர் பட்ட விதிமுறையில் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகளும், 240 நாள் மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பும் உண்டு. நல்ல விதி. உள்ளே வந்துவிட்ட பெண்ணைப் பற்றி யோசித்தவர்கள் எழுதியது. வாசலுக்கு வரமுடியாதவளைப் பற்றி யோசிக்க எந்த விதிமுறையும் இல்லை.

‘கல்யாணத்துக்கு அப்புறம் படிச்சுக்கிடலாம்’ என்பது கடைசி ஆறுதல். நான் படித்தேன், தொலைநிலைக் கல்வியில், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு. பட்டம் கிடைத்தது. கேட்டது கிடைக்கவில்லை. எம்.ஏ. என்பது என் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்தாக எனக்குத் தேவைப்படவில்லை. நூலகமும் விடுதியும் வேற்று மொழி பேசும் தோழிகளும், என்னோடு விவாதிக்கிற ஆசிரியரும், இருபத்தொரு வயதில் எனக்கு வேண்டியிருந்தார்கள்.

முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பார்க்கிறேன். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர விண்ணப்பித்தபோது மாணவர்களின் பெற்றோர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1914இல்தான் அவர் மணம் செய்துகொண்டார். அதுவும் தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவருக்கு வந்தது மறுப்பு. மறுப்புக்கு மேல்முறையீடு உண்டு. ‘பார்ப்போம்’ என்பதை எதிர்த்து எந்த மன்னரிடம் போய் நிற்பது?

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கல்லூரிகள் ஐந்தாம் பருவத்திலேயே, கார்த்திகை முடியும் முன், இறுதியாண்டு மாணவிகளைக் கணினி அறையில் உட்கார வைத்து, அவரவர் பெயரில் மின்னஞ்சலும் அவரவர் கையில் எண்ணும் இருக்கும்படி செய்து, விண்ணப்பங்களுக்குத் தயாராக்க வேண்டும். அதைப் பிரிவுபசார விழாவைப்போலக் கட்டாயச் சடங்காக்குங்கள். புதுமைப் பெண் திட்டம் முதுநிலைக்கும் நீள வேண்டும். பல்கலைக்கழகங்கள் சேர்க்கை ஆணையோடு விடுதி இடத்தையும் உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் வீடுகள் விடுதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன.

பெண்களிடம் கேட்பது ஒன்றுதான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். ‘பார்ப்போம்’ என்று வீட்டில் சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் அவர்கள் ஆம் என்றாவது சொல்லட்டும், கூடாது என்றாவது சொல்லட்டும். கூடாது என்று சொன்னால் பரவாயில்லை. அதோடு சண்டை போடலாம்.