உளவாளிக்கு ஏன் ஆண் முகம்?

1909இல் தோன்றிய பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6-க்கு ஒரு பெண் தலைவர் வாய்க்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளேஸ் மெட்ரவெலி அப்பொறுப்பை ஏற்றார். ஜேம்ஸ் பாண்ட் திரைப்படமோ 1995இலேயே ஜூடி டென்ச்சை அந்த நாற்காலியில் அமர்த்திவிட்டது. அதனால் புனைவு முற்போக்கானது என்று சொல்லிவிடலாமா? எனக்குத் தயக்கம் உண்டு.

இயன் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் 1953இல் வெளியானது. இந்தியா கைவிட்டுப்போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன, பேரரசு சுருங்கிக்கொண்டிருந்தது. அந்த இழப்புக்கு ஆறுதலாகவே, தனியொருவனாக உலகைக் காக்கும் பிரிட்டிஷ் ஆண்மகன் பிறந்தான் என்று கருதுகிறேன். பெண்கள் பெரும்பாலும் அவனுக்குப் பரிசாகவோ பொறியாகவோதான் வந்துபோயினர்.

வரலாறு வேறு. நாஜிகளின் பிடியிலிருந்த பாரிஸிலிருந்து பிரிட்டனுக்காக ரகசிய வானொலிச் செய்திகளை அனுப்பியவர், இந்தியத் தந்தைக்குப் பிறந்த நூர் இனாயத் கான். 1944இல் டாஹாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். 1949இல் அரசு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருதளித்தது. ஆனால், நான்கே ஆண்டுகளில் உருவாகி, தேசத்தின் முகமாகவே நிலைத்துவிட்ட உளவாளி பாண்ட்.

ஒரு தேசம் யாரை நாயகராகக் கற்பனை செய்கிறதோ, அவரையே முதலில் தன்னவராக எண்ணுகிறது. நாற்காலியில் ஆள் மாறியது நல்லது. கற்பனையும் மாற வேண்டும்.